மூன்று வண்டிக்கும் ஒரே கோளாறு

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரி விதைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. பத்து மாதமாக டிவிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு உருவி எடுத்துவிட்டேன். டிவி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என் மனைவி சம்பூர்ணமும் அதற்கு ஏற்றபடி தலையைச் சாய்த்துக்கொண்டு நியூஸ் பார்க்கிறாள்.

எழுதச் சொன்னது பிசியோதெரபிஸ்ட் நஸ்ரின். சின்ன வயசு, ஆனால் பேச்சு எங்கள் டெப்போ மேனேஜர் பேச்சு. இடுப்பு வலிக்குத் தினமும் ஒரு எண் போட வேண்டுமாம். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. கட்டம் போட்ட ஒரு தாளையும் கொடுத்தாள். எனக்குக் கட்டம் போதாது, அதனால்தான் டைரி.

"இன்னிக்கு எத்தனைங்க?" என்றாள். ஏழு என்று மனசு சொன்னது. மனசு எப்போதும் கூட்டித்தான் சொல்லும். நாலு என்றேன். இந்தச் செங்கோட்டுவேல் பத்தொன்பது வருஷமாகக் கொல்லிமலை பஸ் ஓட்டுகிறவன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, எழுபதும் இறங்குகிறவன். ஒரு சின்னப் பெண்ணிடம் போய் ஏழு என்பானா?

டெப்போ டாக்டரிடம் போகாமல் இங்கே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 24ஆம் தேதி மலை ரூட் டிரைவர்களுக்கு உடம்பு பார்க்கிறார்கள். தேறாவிட்டால் மலை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து, மற்றவன் வண்டி போகிற நேரத்தை எழுத வேண்டும். அது நடக்காது.

நஸ்ரின் கொடுத்த மெஷின் கையடக்கமாக இருக்கிறது. ஒரு பெட்டி, நாலு ஒயர், நாலு பசை வில்லை. வில்லையை இடுப்பில் ஒட்டித் திருகைத் திருப்பினால் மெல்லிசாகக் கரன்ட் போகிறது. முதலில் ஒரு எறும்பு ஊர்கிறது, பிறகு அது சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அரை மணி நேரம் கழித்து எழுந்தால் வலி பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கே ஆச்சரியம்.

நிபந்தனைகள் சொன்னாள். தோலில் எண்ணெய் கூடாது. தூங்கும்போது கூடாது. "வண்டி ஓட்டறப்ப கண்டிப்பா கூடாதுங்க. அப்புறம், கால் மரத்துப்போனாலோ, பலம் கொறைஞ்சாலோ அன்னிக்கே எனக்குச் சொல்லோணும். மறுநாள்னு வெக்கக் கூடாது."

சரிங்க டாக்டரம்மா என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சம்பூர்ணம் ஒட்டினாள். எட்டி ஒட்ட என் கை போகாது. தான் இல்லாமல் இந்த மெஷின் வேலை செய்யாது என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு ஒரு மிதப்பு.

முதல் தடவை வில்லை நிற்கவே இல்லை, ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தது. இரண்டு மடங்கு குணமாகட்டும் என்று நான் முன்னாடியே தைலம் தேய்த்து வைத்திருந்தேன். அவள் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, மறுபடி ஒட்டினாள்.

"மாமா, இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொறந்தப்பவே இருக்குது."

"இருவத்தாறு வருசமா என் கண்ணுல படலையே."

"உன் கண்ணுல படலைன்னா இல்லைன்னு ஆயிருமா?"

வலி: மூன்று. கட்டத்தில் இரண்டு போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

இது எப்படி வேலை செய்கிறது என்று நஸ்ரினிடம் போனில் கேட்டேன். எந்த மெஷினாக இருந்தாலும் எனக்கு உள்ளே தெரிய வேண்டும். நரம்பு வழியாக வலி மூளைக்குப் போகப் பார்க்கிறது. அதே வழியில் இந்தக் கரன்டின் கூச்சம் முந்திக்கொள்கிறது. வலி பின்தங்கி நிற்கிறது என்றாள்.

"அதாவது மலை ரோட்டுல ஏர்ற வண்டிக்கு எறங்கற வண்டி வழி விட்டு நிக்கற மாதிரி," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். இனிமேல் எல்லாருக்கும் இப்படியே சொல்கிறேன் என்றாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒழுங்காகப் படித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

நவம்பர் 8, சனி

வலி: இரண்டு. கட்டத்திலும் இரண்டு.

நவம்பர் 10, திங்கள்

சாயங்காலம் வைத்தால் காலை வரைக்கும் சுகம். ஆனால் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முப்பதாவது வளைவு ஏறும்போது வலி பாஸ் வாங்கியவன் மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. மெஷினைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒட்டியது அல்லிமுத்து. என் கண்டக்டர். ஏழு வருஷமாக நாங்கள் ஒரே ஜோடி. வண்டிக்கு முன்பக்கம் என் கண், பின்பக்கம் அவன் கண். டிரைவர்கள் ஓய்வறையில் கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டினேன். வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்ண்ணா, ஓட்டறப்ப கூடாதுன்னு அந்தம்மா சொன்னதா நீங்கதானுங்களே சொன்னீங்க."

"அது டவுனுக்குள்ள ஸ்கூட்டர் ஓட்டறவங்களுக்கு. எத்தனைல வெக்கறதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஒட்டறேன். எனக்குப் புடிக்கலைங்ண்ணா, அத்தனைதான்."

ஒட்டினான். பிடிக்காவிட்டாலும் நேராக ஒட்டினான், அதுதான் அல்லிமுத்து.

நவம்பர் 11, செவ்வாய்

எழுபது ஏறினேன், எழுபது இறங்கினேன். வலி: ஒன்று. நான்தான் ராஜா.

நவம்பர் 13, வியாழன்

திருகை நாலில் வைத்தால் இப்போது எறும்பு தெரிவதில்லை. ஆறுக்கு ஏற்றினேன்.

மலை மேலே செம்மேட்டில் டீ குடிக்க இறங்கி, கடை வரைக்கும் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து பாதி டீ குடித்துவிட்டேன். கடைக்கார அம்மா, "அண்ணா, உங்க செருப்பு அங்கியே கெடக்குதுங்க," என்றார். திரும்பிப் பார்த்தால் வலது கால் செருப்பு நடு ரோட்டில் கிடக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வார் தளர்ந்துவிட்டது. புதுசு வாங்க வேண்டும்.

நவம்பர் 15, சனி

கொசுவத்திச் சுருளை மிதித்துவிட்டேன். கத்தியது சம்பூர்ணம்தான். நான் கத்தவில்லை, தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். மலை டிரைவர் பாதம் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது என்றேன். மருந்து போட்டாள்.

பிறகு மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, நான் ஒட்டறது அரை மணி நேரம். இதுக்குள்ள மூணு நாளைக்கு ஒருக்கா பேட்டரி தீந்து போவுது. வில்லையில காக்கி நூலு ஒட்டியிருக்குது."

மட்டமான பேட்டரி என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வலி: ஒன்று.

நவம்பர் 17, திங்கள்

வண்டியை டெப்போவில் கொண்டுவந்து விடும்போது குறை இருந்தால் டிரைவர் ரிப்பேர் நோட்டில் எழுத வேண்டும். இடது பக்கம் டிரைவர், வலது பக்கம் மெக்கானிக் பதில். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதியது மொத்தம் நாலு பக்கம்கூட வராது. இன்றைக்கு எழுதினேன்: "வண்டி 312. பிரேக் மிதி தாமதமாகக் கிடைக்கிறது."

மெக்கானிக் குருநாதன் அதிகம் பேச மாட்டார். கை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. வண்டியை எடுத்து ஷெட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினார். பதில்: "சோதித்தேன். சரியாக உள்ளது."

சரியாக இருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

நவம்பர் 18, செவ்வாய்

வேறு வண்டி, 287. அதிலும் அதே கோளாறு. மிதி காலுக்குச் சிக்குவதில்லை, பக்கத்தில் போய் முட்டுகிறது. இரண்டு இடத்தில் சடக்கென்று நின்று, ஆட்கள் முன்னால் சரிந்தார்கள். ஒரு பெரியவர், "மெதுவாப் போங்க தம்பி, நாங்க என்ன மூட்டையா?" என்றார். என் வண்டியில் இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. அவமானமாக இருந்தது.

நோட்டில் எழுதினேன். குருநாதன் டேப் கொண்டுவந்து மிதியின் உயரத்தை அளந்தார். ரப்பரை மாற்றினார். "ரெண்டு வண்டிலயும் ஒரே குறைங்களா?" என்றார்.

"ரெண்டையும் பாத்தது நீங்க ஒருத்தர்தானுங்களே," என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

மூன்றாவது வண்டி, 401. வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதே கோளாறு. எனக்கு வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது: "மூன்று நாளாக எழுதியும் பிரேக் சரி செய்யப்படவில்லை. விபத்து நடந்தால் மெக்கானிக்கே பொறுப்பு." கீழே கையெழுத்தும் போட்டேன்.

வலி: பூஜ்யம். இடுப்பில் ஒரு குறையும் இல்லை. வண்டிகள்தான் சரியில்லை.

நவம்பர் 20, வியாழன்

இன்றைக்கு எழுத முடியாது.

நவம்பர் 21, வெள்ளி. விடியற்காலை.

எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் அதே 401இல் இறங்கிக்கொண்டிருந்தேன். மழைத் தூறல். ஐம்பத்திநாலு பேர். முப்பத்தெட்டாவது வளைவுக்கு முன்னால் கொஞ்ச தூரம் சமமாக இருக்கும், அதனால் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தேன். வளைவு வந்தது. காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தேன். வைத்ததாகத்தான் நினைத்தேன். வண்டி வேகம் எடுத்தது. அல்லிமுத்து விசிலை விடாமல் ஊதினான்.

மலைப் பாதையில் டிரைவர் குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். கால் ஆக்ஸிலேட்டர் மேலேயே இருந்தது. நான் எடுத்த கால் எழும்பவே இல்லை.

இடது காலால் பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஸ்டியரிங்கைப் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், மலையோடு ஒடித்தேன். பாறையில் உரசிக்கொண்டு போய், முன் சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி வண்டி நின்றது. கண்ணாடியும் லைட்டும் போயின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

யாரோ ஏற்றிய அன்னாசிப் பழங்கள் கூடையோடு சரிந்து முன்னால் உருண்டு வந்திருந்தன. ஒன்று என் காலடியில் நின்றது. அதன் முள்ளுக் கொண்டை என் வலது பாதத்தில் குத்திக்கொண்டிருந்தது. ரத்தம் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. கண்ணால் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குள் ஜனம் சுற்றிக்கொண்டது. "பிரேக் புடிக்கலையாமா. டிரைவரண்ணன் இல்லீன்னா இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சிருக்கும்." ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பிடித்தது என்றும் சொல்லவில்லை.

டெப்போவில் மேனேஜர் ரிப்பேர் நோட்டை விரித்து வைத்திருந்தார். "நல்லவேளை, மூணு நாளா எழுதி வெச்சிருக்கீங்க செங்கோட்டுவேல். உங்க மேல ஒரு தூசிகூட விழாது. காலைல ஒரு அறிக்கை மட்டும் எழுதிக் குடுத்திருங்க." குருநாதன் ஓரமாக நின்றார். "நான் பாத்தனுங்க சார். நல்லாத்தான் இருந்துச்சு," என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரை சஸ்பெண்ட் செய்ய ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அல்லிமுத்து, "நான் வாயைத் தொறக்க மாட்டேனுங்ண்ணா. ஆனா இனி அதை ஒட்ட மாட்டேன்," என்றான்.

வீட்டுக்கு வந்து சம்பூர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. கண்ணை மூடச் சொன்னாள். "இப்ப எந்த வெரலைத் தொடறேன்?"

"பெருவெரல்."

"இப்ப?"

"சுண்டு வெரல்."

"நான் தொடவே இல்லீங்க மாமா," என்றாள். அப்புறம் அழுதாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த டைரியில் அந்த வார்த்தையை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். கால் போய்விடுமோ என்று பயம். மலை போய்விடும் என்பது பயமில்லை, அது நிச்சயம். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட பிரேக் என்னைக் கைவிட்டதில்லை. அது குருநாதன் கை. நான் சும்மா இருந்தால் போதும், என் பேர் நிற்கும், அவர் பேர் போகும். எழுதி வைத்த மூன்று நாள் கையெழுத்தும் என் பக்கம்தான் பேசுகிறது.

அதே நாள், சாயங்காலம்

காலையில் டெப்போவுக்குப் போய் அறிக்கைத் தாளை வாங்கவில்லை. ரிப்பேர் நோட்டைக் கேட்டேன். நின்றபடியே எழுதினேன்:

"17, 18, 19 தேதிகளில் நான் எழுதிய மூன்று புகாரும் தவறு. மூன்று வண்டியிலும் பிரேக் நன்றாக இருந்தது. கோளாறு டிரைவரின் வலது காலில். கால் மரத்துப்போனதை உணராமல் ஓட்டினேன். ஓட்டும்போது உபயோகிக்கக் கூடாத வலி மெஷினை உபயோகித்தேன். மெக்கானிக் மேல் குற்றமில்லை. செங்கோட்டுவேல், டிரைவர்."

மேனேஜர் படித்தார். "இதுக்கப்புறம் மலை உங்களுக்குக் கெடையாதுங்க. தெரிஞ்சுதான் எழுதறீங்களா?"

"கால் மட்டும்தான் சார் மரத்திருக்குது," என்றேன்.

குருநாதன் ஷெட்டில் ஒரு டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க நிறைய யோசித்து வைத்திருந்தேன். பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் வலது காலை மட்டும் குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போங்க மொதல்ல," என்றார்.

நவம்பர் 22, சனி

நஸ்ரின் குதிகாலில் நடக்கச் சொன்னாள். வலது கால் தொப்பென்று விழுந்தது. உடனே ஸ்கேன் எடுக்க அனுப்பினாள். இடுப்பில் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருக்கிறதாம். திங்கட்கிழமையே ஆபரேஷன். முழு பலம் திரும்புமா என்று பெரிய டாக்டர் உறுதி கொடுக்கவில்லை.

"மெஷின் மேல தப்பில்லீங்க. அது வலியை மட்டுந்தான் அடக்கும், நரம்பை நெரிக்கறதை அது நிறுத்தாது," என்றாள் நஸ்ரின். பிறகு என் கட்டம் போட்ட தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, பூஜ்யம். "இதை நம்பித்தானுங்க நானும் உங்களை சீக்கிரம் வரச் சொல்லாம விட்டேன்." மேனேஜரிடம்கூட நான் தலை குனியவில்லை, அங்கே குனிந்தேன்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட்டு நிற்கும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தவன் நான். நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கும் என்பதை நான் மறந்துபோனேன்.

நவம்பர் 24, திங்கள்

இன்றைக்குத்தான் அந்த உடம்பு பரிசோதனை. நான் வேறு மேஜையில் படுக்கப்போகிறேன். சம்பூர்ணம் டைரியை வாங்கிப் பையில் வைக்கிறாள்.

டிசம்பர் 19, வெள்ளி

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. நடக்கிறேன், கம்பு வேண்டாம். தையல் ஆறிவிட்டது. பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டு நஸ்ரின் மறுபடியும் மெஷினுக்கு அனுமதி கொடுத்தாள். அரை மணி நேரம், உட்கார்ந்த இடத்தில், திருகு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. திருகு இப்போது சம்பூர்ணத்தின் கையில் இருக்கிறது. அவளுடைய மிதப்பு இன்னும் கூடிவிட்டது.

ஜனவரியில் டைம் கீப்பர் கூண்டு. போகிறேன். மலை வண்டி ஒவ்வொன்றும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். டிரைவர் இறங்கி வரும்போது செருப்பு காலில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். என்னை எவனும் ஏமாற்ற முடியாது, எல்லா வித்தையும் எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பேன். தேறுவேன் என்றுதான் நினைக்கிறேன். தேறாவிட்டால் கூண்டிலிருந்தே மலையைப் பார்க்கலாம், நேர் எதிரேதான் இருக்கிறது.

சாயங்காலம் அல்லிமுத்து வந்தான். வில்லையை ஒட்டிக்கொண்டிருந்த சம்பூர்ணத்தைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் எடப்பக்கம் தள்ளி ஒட்டோணும்," என்றான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

போனை எடுத்து ஒரு படம் காட்டினான். ரிப்பேர் நோட்டு. டிரைவர் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் எதிரே மெக்கானிக் பதில் எழுதியே ஆக வேண்டும், அதுதான் டெப்போ வழக்கம். நான் 21ஆம் தேதி எழுதியதற்கு எதிரே ஒரு மாதமாகக் காலியாகவே கிடந்ததாம். நேற்று எழுதியிருக்கிறார். தாளில் கிரீஸ் விரல் ரேகை.

"சோதித்தேன். வண்டி சரியாக உள்ளது. டிரைவருக்கு ரிப்பேர் வேலை நடக்கிறது. முடிந்ததும் மலைக்கு அனுப்பவும். – குருநாதன்."

மூன்று தடவை படித்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை, போன் வெளிச்சம் அப்படி. இல்லை, அழுதேன்.

அல்லிமுத்து போன பிறகு சம்பூர்ணம் கண்ணை மூடச் சொன்னாள். தினமும் நடக்கிற பரீட்சை. "எந்த வெரல்?"

நேரம் எடுத்துக்கொண்டேன். "பெருவெரல்."

"இப்ப?"

"தெரியலை."

"தெரியலைன்னு சொன்னீங்களே, அதுவே போதும்," என்றாள்.

வலி: ஐந்து. கட்டத்திலும் ஐந்து.